கையில குடு, கையில வாங்கு

இருபத்திரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தை அவர்களிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்க வழி செய்தவன் நான். அரசாங்க வேலையில் இருந்தபோது செய்தேன். தெரிந்தே செய்தேன். அதற்காக என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் கழுத்தில் மாலை போட்டு, அலுவலக ஜீப்பில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு வீடுகளில் ஒன்றில் இருந்த ஓர் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எந்தத் தாளிலும் தன் பெயர் மட்டும் தனியாக இருப்பதற்கு அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ஊரில் அவரைச் சாவியம்மா என்றார்கள். கட்டடத்தின் சாவி அவரிடம் இருந்த நாட்களோ மிகக் குறைவு. மற்ற வீடுகளுக்கு எப்படியோ அப்படித்தான் அவர் வீட்டுக்கும், இருபத்திரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும்.

முதலில் அவரைப் பார்த்தது எங்கள் அலுவலக வராந்தாவில். நான் அப்போது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மேலாளர். அவருடைய ஊர் சூளகிரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரோஜாத் தோட்டம் ஒன்றில் பூக்களைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். விரல்களில் முள் கீறிய கோடுகள் நிறைய இருக்கும். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை என்பதாலோ என்னவோ, எங்கே போனாலும் உட்காரமாட்டார். பெஞ்சில் இடம் இருந்தும் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து, கையசைத்து உள்ளே கூப்பிட்டேன்.

"எனக்கு முன்னாடி இந்தப் பெரியவர் வந்தாருங்க சார். அவரு முறை."

பெரியவர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைத் தட்டி எழுப்பி, துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, உள்ளே அனுப்பினார். ஓர் அதிகாரி கூப்பிட்டு வராமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். அன்றைக்கே அவர்மேல் எனக்கு ஓர் எரிச்சல் உண்டாகிவிட்டது. அது கடைசிவரை முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் ஊராட்சிக் கட்டடங்களை ஊரில் உள்ள குழுக்களிடமே ஒப்படைத்து நடத்தச் சொல்லலாம் என்று அப்போது ஓர் ஏற்பாடு வந்திருந்தது. அவர் ஊரில் அப்படி ஒரு சமுதாயக் கூடம் இருந்தது. இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா, ஒரு கழிப்பறை, ஓர் ஆழ்துளைக் குழாய். திறப்பு விழாவுக்குப் பிறகு அதைத் திறந்தவர்கள் யாருமில்லை. வராந்தாவில் ஆடுகள் படுத்திருக்கும். அதைக் கேட்டுத்தான் வந்திருந்தார். நான் ஒப்பந்தப் படிவத்தை எடுத்து வைத்தேன்.

"பொறுப்பாளர் பேரு சொல்லும்மா."

"இருபத்திரண்டு வீடும்தாங்க சார்."

"அத்தனையும் எழுத இதுல இடமில்ல. ஒரு பேரு போதும். சாவி யார்கிட்ட இருக்கும்?"

"அந்தந்த வாரம் எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுல."

"அது சரிம்மா. எப்பவும் யார்கிட்ட இருக்கும்?"

"எப்பவும் யார்கிட்டயும் இருக்காதுங்க."

பக்கத்து மேசை எழுத்தர் சிரித்துவிட்டார். "சாவிக்கே ஒரு பஸ் பாஸ் போட்டுக் குடுக்கணும் போல இருக்குதே சார்."

அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. "ஒருத்தர்கிட்டயே சாவி இருந்தா, அது அவங்க வீட்டு ரூம் ஆயிடும் சார். ரெண்டு மாசம் போதும். அவங்க வெங்காய மூட்டை உள்ள வந்துரும்."

கடைசியில் பொறுப்பாளர் என்ற இடத்தில் 'இணைப்பில் காண்க' என்று எழுதினேன். அடுத்த வாரம் இணைப்பைக் கொண்டுவந்தார். கோடு போட்ட நோட்டுத்தாள். சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் இருபத்திரண்டு வீட்டுப் பெயர்கள், நேரே வாரங்கள். கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று பென்சிலில் குறித்திருந்தது. அதற்கு அவர்கள் முறைத்தாள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நீங்க எப்ப வந்தாலும் இதைப் பாத்தீங்கன்னா போதும் சார். சாவி எங்கன்னு அலைய வேணாம்."

அந்தத் தாளை நான் பத்திரமாகவே வைத்துக்கொண்டேன்.

கூடம் நன்றாக நடந்தது. அதை நானே இரண்டு முறை பார்வையிட்டு எழுதியிருக்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்கு முதல் ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் கம்பெனி பஸ் வரும்வரை விளக்கு வெளிச்சத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டில் நின்றவர்கள் அவர்கள். பகலில் ஒரு தையல் மிஷின் ஓடும். மாலையில் பிள்ளைகள் படிப்பார்கள். காலனியில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஜெபக் கூட்டம் வைப்பார்கள். அதே பாயை மறுநாள் விரித்து மெயின் தெருவில் ஒரு வீட்டார் காதுகுத்துச் சாப்பாடு போடுவார்கள்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சாவி கைமாறும். முடிகிற வாரத்து வீட்டார் கூடத்தைப் பெருக்கித் துடைத்து வைக்க வேண்டும். பாய் நான்கு, குழல் விளக்கு இரண்டு, அண்டா ஒன்று, தையல் மிஷின் ஒன்று, துடைப்பம் ஒன்று என்று அந்த அம்மா எண்ணுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எண்ணிக்கை தெலுங்கில்தான் வரும். பிறகு படிக்கட்டில் எல்லாரும் பார்க்க, ஒரு வீட்டுக் கையிலிருந்து அடுத்த வீட்டுக் கைக்குச் சாவி போகும். நடுவில் வேறு கை வரக்கூடாது. முறை வீட்டைவிட்டு அந்த வாரம் முழுக்கச் சாவி வெளிக் கைக்குப் போகக்கூடாது. எப்போதோ ஒருவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய், பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாள் திருப்பித் தராமல் இழுத்ததிலிருந்து வந்த கட்டுப்பாடு அது.

காலனி வீட்டிலிருந்து மெயின் தெரு வீட்டுக்கு முதன்முதலாகச் சாவி போன மாலையில் நான் அங்கே இருந்தேன். முறைத்தாளில் பத்தாவது வீடு ஆரோக்கியமேரி. காலனியில் மாமனாரோடு இருந்த பெண், கம்பெனி ஒன்றில் உதிரிபாகம் பொருத்தும் வேலை. பதினோராவது வீடு முனிராஜுலு. மாந்தோப்பும் தக்காளித் தோட்டமும் உள்ளவர்.

மேரி சிவப்பு நூல் சுற்றிய பித்தளைச் சாவியை நீட்டினாள். முனிராஜுலு கையை நீட்டவில்லை.

"படியில வை. எடுத்துக்கறன்."

அந்த அம்மா அண்டாவை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கையில குடு, கையில வாங்கு."

"அக்கா, சாவிதானே. படியில வெச்சா என்ன, கெட்டுப்போயிடுமா?"

"படியில வெச்சா படிக்குக் குடுத்த மாதிரிதான். நாளைக்குக் காணோம்னா படியவா போய்க் கேக்கறது?"

கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். முனிராஜுலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா நகரவில்லை. மேரி நீட்டிய கையோடு, "அக்கா, விடுக்கா. வெச்சுட்டுப் போறன். நாளைக்கு வேலைக்குப் போவணும்" என்று கெஞ்சினாள்.

"நீ நில்லு மேரி."

ஏறக்குறைய ஒரு மணி நேரம் எல்லாரும் நின்றோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போனால் தங்கள் முறையும் நின்றுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. முனிராஜுலு திரும்பி வந்தார். வேறு பக்கம் பார்த்தபடி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கியவர் நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார்.

அந்த அம்மா அதையும் பார்த்தார். "கழுவிக்கோ முனிராஜு. தண்ணி எல்லாருதும்தான்" என்றார்.

அடுத்த சுற்றில் சீக்கிரமே வாங்கினாராம், கழுவவும் செய்தாராம். மூன்றாவது சுற்றில் குழாய்ப் பக்கம் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சொந்த விஷயத்தில் அவர் வேறு மாதிரி இருந்தார் என்று சொல்ல முடியாது. அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மாலூர் பக்கத்திலிருந்து வேனில் வந்திறங்கினார்கள். எனக்கும் அழைப்பு இருந்தது. அந்த வாரம் சாவி இருந்த வீட்டுக்காரர் காலையில் காவேரிப்பட்டினம் மண்டிக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு போனவர், சாவியோடு அங்கேயே மாட்டிக்கொண்டார். வண்டி பழுது. பூட்டிய கூடத்துக்கு முன்னால் வெயிலில் நாற்பது பேர் நின்றோம். மாப்பிள்ளையின் மாமா கோபத்தோடு, பூட்டை உடையுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். இளவட்டம் ஒருவன் கல்லையே எடுத்துவிட்டான்.

அந்த அம்மா அவன் கையிலிருந்து கல்லை வாங்கிக் கீழே போட்டார். "உடைச்சா இன்னைக்கு எங்க வீட்டு விசேஷம் நடக்கும்பா. நாளையிலருந்து அவனவன் விசேஷத்துக்கு அவனவன் உடைப்பான்."

தட்டு மாற்றியது ரோட்டோரத்தில், அவசரமாகக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே. மகள் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறும்போது சாவிக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அவரை அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். மகளிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியதையும் நான் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

இனி என் கதை.

அந்த ஊருக்குச் சற்றுத் தள்ளிப் புதிய தொழிற்பேட்டை வந்தது. ஆட்களைக் கொண்டுவந்து கம்பெனிகளுக்குக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், வடக்கேயிருந்து வந்த தன் ஆட்களைத் தங்கவைக்க இடம் தேடினார். கூடம் அவர் கண்ணில் பட்டது. நலச் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்துகொண்டு என்னிடம் வந்தார். என் மகன் அப்போது என்ஜினீயரிங் முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருந்தான். வேலை கிடைக்காத பிள்ளை இருக்கிற வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தக்காரருக்கும் அது தெரிந்திருந்தது.

"பொய்யெல்லாம் எழுத வேணாம் சார். போய்ப் பாருங்க. பாத்ததை எழுதுங்க. அது போதும்" என்றார்.

பொய் எழுதச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது.

முறைத்தாளை எடுத்து விரித்துப் பார்த்தேன். எந்த வாரம் போனால் கூடம் பகலில் பூட்டியிருக்கும் என்று விரல் வைத்துத் தேடினேன். ஆரோக்கியமேரியின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் 'முதல் ஷிஃப்ட்' என்று இருந்தது. மேரி வாரத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐந்து மணிக்குத் திறப்பாள். பஸ் வந்ததும் பூட்டிவிட்டு, கழுத்தில் மாட்டும் கம்பெனி அட்டையின் கயிற்றில் சாவியையும் கோத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். கட்டுப்பாட்டின்படி வெளியே யாரிடமும் கொடுக்க முடியாது; வீட்டில் இருந்த மாமனாரோ நடமாட முடியாதவர். மூன்றரைக்கு வந்து மறுபடி திறப்பாள். அந்த வாரம் பகலில் மூடியிருக்கும் என்று ஊரே பழகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். இரண்டு நாளும் பூட்டைப் படம் எடுத்தேன். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், "மேரி மூணரைக்கு வந்துரும் சார்" என்றாள். தலையாட்டினேன். அறிக்கையில் அது வரவில்லை. வந்தது இதுதான்: "இருமுறை பார்வையிட்டபோதும் கட்டடம் பூட்டிய நிலையில் இருந்தது. பொறுப்பாளர் எவரும் இல்லை. சாவி தனிநபர் ஒருவரால் ஊருக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்டுள்ளதாகத் தெரியவருகிறது."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நீதிமன்றத்தில் வைத்துப் படித்தாலும் நிற்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு காகிதம் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் ரத்தானது. சனிக்கிழமை காலை ஆள் போய்ப் பூட்டை உடைத்துப் புதுப் பூட்டுப் போட்டார்கள். மேரி அப்போதும் ஷிஃப்டில்தான் இருந்தாள்.

கட்டடம் போனதோடு முடிந்திருந்தால்கூட என் பாரம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். என் அறிக்கையின் கடைசி வாக்கியம் ஊருக்குள் போய்விட்டது. 'தனிநபர் ஒருவர்' யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. காலனிக்காரியிடம் சாவி கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று மெயின் தெருவில் பேசினார்கள். காலனியிலேயும், உன்னால் நமக்குக் கெட்ட பேர் என்றார்கள். மறுபடி இருட்டில் ரோட்டோரம் நின்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மூன்று மாதத்தில் மேரி ஊரைவிட்டு மத்திகிரியில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டாள்.

அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். வழக்கம்போல வரிசையில் நின்று, முறை வந்த பிறகு என் மேசைக்கு முன்னால் வந்தார். மனுப் போட்டு வாங்கிய அறிக்கை நகல் கையில் இருந்தது. அடியில் என் கையெழுத்து.

"சார், முறைத்தாள் குடுத்திருந்தனே. அதைப் பாத்தீங்களா?"

"அது ஃபைல்ல காணலம்மா" என்றேன்.

அதுதான் இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே நேரடிப் பொய். தாள் என் மேசை இழுப்பறையில், அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரிங்க" என்று சொல்லிப் போனார்.

மகனுக்கு வேலை கிடைத்தது. பிடிக்கவில்லை என்று ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போனான். அந்த வேலை எப்படி வந்தது என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஓய்வு பெற்று ஆறேழு வருடம் கழிந்து, போன வருடம் ஒருநாள் ஓசூரிலிருந்து மத்திகிரி போகும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். கழுத்தில் கம்பெனி அட்டை. அட்டைக்குப் பின்னால் ஒரு பித்தளைச் சாவி. சிவப்பு நூல் சுற்றியது. அந்த நூலை நான் மறக்கவில்லை.

"நீங்க யூனியன் ஆபீஸ் சார்தானே?" என்று மேரிதான் முதலில் கேட்டாள். நன்றாக இருக்கிறீர்களா என்றும் கேட்டாள்.

"இந்தச் சாவி இன்னும் எதுக்கும்மா? அந்தப் பூட்டைத்தான் உடைச்சுட்டாங்களே."

"என் வாரம் முடியலிங்களே சார். அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய் நின்னன். யாரும் வந்து வாங்கல."

என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போக முடிந்தது. முழங்கால் வலியால் தோட்ட வேலையை விட்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, அப்போதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வு பெற்றபோது என்னோடு எடுத்துவந்திருந்த முறைத்தாளை மேசையில் வைத்தேன்.

"தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"செவ்வா, வியாழன், பதினோரு மணி. தாளைப் பாக்காம யாருக்கும் அந்த நேரம் வராது."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேட்டனே. காணோம்னு சொன்னீங்க."

மன்னிக்க வேண்டும் என்றேன். "எங்கிட்ட எதுக்கு சார்? மேரிகிட்ட சொன்னீங்களா? அவகிட்ட சொல்லுங்க. அப்புறம் அவளைப் பேசினவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். சாவி இன்னும் மேரியிடம் இருப்பதைச் சொன்னபோது மட்டும், பிடித்திருந்த கதவை விட்டுவிட்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மத்திகிரிக்குப் போய் மேரியிடம் சொன்னேன். "அந்த ஷிஃப்ட் எழுதிக் குடுத்ததே நான்தான் சார். நீங்க வந்தா உங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதுன்னு பென்சில்ல எழுதினன்" என்றாள். பிறகு, "எங்க மாமனார் சாவற வரைக்கும், சாவிய வீட்டுலயே வெச்சுட்டுப் போயிருக்கலாமேம்மான்னு சொல்லிட்டே இருந்தாரு. அவருகிட்ட யாரு சார் சொல்லுவாங்க?" என்றாள். டீ கொடுத்தாள். குடித்தேன். குடிக்காமல் வருவதற்கும் எனக்குத் தைரியமில்லை.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குக் கூடத்துக்கு முன்னால் ஊரைக் கூட்டி எல்லாரிடமும் சொன்னேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எப்போதோ வேறு இடம் போயிருந்தார்கள். கூடம் பழையபடி பூட்டிக் கிடந்தது, ஆடுகளும் வந்துவிட்டிருந்தன. நான் பேசி முடித்ததும் யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதற்குத்தான் தயாராகப் போயிருந்தேன். முனிராஜுலு மட்டும், "தப்பு உங்க மேலயும் இருக்குது சார், இல்லன்னு சொல்லல. ஆனா சாவிய அவ கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனது போனதுதானே?" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போய் மனுக் கொடுத்தேன். நான் செய்ததை எழுதி, முறைத்தாளை இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தண்டனை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஆனால் கட்டடத்தைப் பற்றி ஒரு பதில் வந்தது. முன்பு நடத்திய வீட்டார் அனைவரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், மீண்டும் ஒப்படைப்பது பரிசீலிக்கப்படும். ஊரில் சந்தோஷப்பட்டார்கள். முனிராஜுலுகூட, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறன் என்றார்.

அந்த அம்மா விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தார். முதலில் மேரியின் வாரம் முடிய வேண்டும் என்றார்.

"கையெழுத்தை முதல்ல வாங்கிடலாம்மா. நாள் போயிட்டே இருக்குது" என்று கெஞ்சினேன்.

"சாவி வாங்க வராத வீடு கையெழுத்துப் போட்டு என்ன சார் பண்ணும்?"

மேரியை நானே போய் அழைத்துவந்தேன். கடைசி ஞாயிறு. ஆறு மணி. இருபத்திரண்டு வீட்டாரும் இருந்தார்கள். கூடத்தில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை என்றாலும் அந்த அம்மா பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, நான்கு பாய், இரண்டு விளக்கு என்று தெலுங்கில் சொல்லி முடித்தார். மேரி அட்டைக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினாள். முனிராஜுலு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கை மேலே வரவில்லை.

"மெட்டு மீத பெட்டம்மா" என்றார் தெலுங்கில். படியில் வை என்றுதான்.

"கையில குடு, கையில வாங்கு" என்றார் அந்த அம்மா.

"அக்கா, இன்னும் அதே பேச்சா? அந்தப் பூட்டே இல்ல. தொறக்காத சாவிக்கு எதுக்கு இவ்ளோ?"

"தொறக்காத சாவியையே உன்னால வாங்க முடியலியே முனிராஜு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முனிராஜுலு போய்விடவும் இல்லை. போகாமல் நின்றால் போதும் என்று தெரிந்தவர்போல நின்றார். முன்பு ஒரு மணி நேரம் அந்த அம்மாவோடு நின்று இவரைத் திரும்ப வரவைத்த அதே முகங்கள் இப்போது அந்த அம்மாவை, எப்போது விடுவாய் என்று பார்த்தன. இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"எங்கிட்ட குடும்மா. நான் வாங்கி அவர்கிட்ட தரன்."

கூட்டம் மூச்சு விட்டது. முனிராஜுலுவே, அதானே என்பதுபோலத் தலையசைத்தார். மேரி அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"உங்க வீடு முறையில இல்லை சார்" என்றார் அந்த அம்மா.

மேரி சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த அம்மா விண்ணப்பத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாதம் முடிந்தது. கூடத்தில் இப்போது வேறொரு சங்கத்தின் பலகை தொங்குகிறது. அதில் பொறுப்பாளர் என்று ஒரே ஒரு பெயர், பெரிய எழுத்தில். முதல் ஷிஃப்ட் பெண்கள் ரோட்டோரத்தில்தான் நிற்கிறார்கள். அந்த அம்மா என்னோடு பேசுவதில்லை; பேசாமலிருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, கேட்டதற்குப் பதில் சொல்கிறார். டவுன் பஸ்ஸில் மேரியை அவ்வப்போது பார்க்கிறேன். சாவி கழுத்தில் இருக்கிறது. அடுத்த முறை முனிராஜுலு வீடு.